இடம் முப்பது: எதிர்பாராத முடிவு

கொம்பனித்தெரு, பதினோராம் மாடி, இரவு ஒன்பதரை.
பேர வாவியின் நாற்றம் ஏசி வழியாகவும் ஏறி வருகிறது.
பழைய தண்ணீர் பில் கோப்பைப் பைதான் திறக்கிறது,
எழுத்தாக அல்ல, எண்ணாக:
224, 174, 164
224, 174, 191

மும்மூன்றாகச் சேர்த்துப் பிடித்தால் ஒரு த,
அதன் தலையில் ஒரு வளைவு.
டிகோட் என்ற ஒரு சொல் போதும் என்று
போன கிழமை நான்தான் ரிஃப்கானிடம் சொன்னேன்.
இரண்டு நாள் வேலை என்றேன்.

இன்று ஆறாம் நாள்.
4,117ஆம் வரியில் நின்றுவிட்டது.
இடம் முப்பது, எதிர்பாராத முடிவு
என்கிறது திரை, சிவப்பில்,
மரண அறிவித்தல் மாதிரி.

பெயருக்கு முப்பத்திரண்டு பைட் என்று
யாரோ எப்போதோ அளந்து வைத்திருக்கிறார்.
ஆங்கிலத்தில் அது தாராளம்,
முதலெழுத்துகளோடு பெர்னாண்டோ கால் நீட்டிப் படுக்கலாம்.
எங்களுக்கு மெய்க்கு மூன்று, அதன் குறிக்கு இன்னொரு மூன்று,
புள்ளிக்குக்கூட மூன்று.
பத்து வைத்தால் முப்பது.
மிச்சம் இரண்டில்
ஓர் எழுத்தின் உடம்பு பாதி உள்ளே, பாதி வெளியே.

திருவருட்ச, 224, 175.
அதற்கப்பால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மீட்டர் இலக்கம்.

"இக்னோர் போட்டுவிடு, ஓடும்" என்கிறார் ரிஃப்கான்.
ஓடும். அதுதான் பயம்.
ஒடிந்த துண்டை விழுங்கி வாய் துடைத்துக்கொள்ளும்.
ரிப்ளேஸ் போட்டால்
கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி வரும்.
அது கேட்கவாவது செய்யும்.

பக்கத்துக் கதிரையில் யசித சிங்களப் பட்டியலோடு.
அவனுடைய பெயர்களும் அங்கேதான் ஒடிகின்றன.
மாலு பணிஸில் பாதியைப் பிய்த்துத் தந்துவிட்டு
இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.
என் அ: 224, 174, 133.
அவனுடைய அயன்ன: 224, 182, 133.
முதலும் கடைசியும் ஒன்று.
"நடுவில எட்டுத்தானா?" என்றான்.

அவன் தேநீர் எடுக்கப் போன நேரம்
எட்டைக் கூட்டிப் பார்த்தேன்.
அ மட்டும் அ ஆகவே போய்ச் சேர்ந்தது.
க, அவன் மொழியில் ஓ ஆனது.
மற்றதெல்லாம் யாருக்கும் புரியாத சத்தம்.
அழித்துவிட்டேன்.

காலையில் மீட்டர் இலக்கத்தைப் பிடித்துத் தொலைபேசி எடுத்தேன்.
ஜிந்துப்பிட்டிப் பக்கம், ஓர் ஒழுங்கை.
"முழுப்பேர் என்ன அம்மா?"
"பில்லப் பாத்துச் சொல்லவா, பொறப்புச் சாட்சிப் பத்திரத்தப் பாத்துச் சொல்லவா?"

பன்னிரண்டு வருடமாக
ஒடிந்த பெயரில் தண்ணீர் குடிக்கிறாராம்.
பில்லும் அடையாள அட்டையும் பொருந்தவில்லை என்று
வங்கியில் கணக்குத் திறக்கவில்லையாம்.
சத்தியக்கடதாசிக்கு ஒரு நாள் சம்பளம்.
கோபம் வந்தால் மகள் "ஏய் திருவருட்ச" என்றுதான் கூப்பிடுவாளாம்.
சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

பிறகு, எழுதிக்கொள்கிற ஆளுக்குச் சொல்வதுபோல்:
"செ. கொம்பு வச்ச செ."

அந்தக் கொம்புதான்.
கண்ணுக்கு ச முன்னால் நிற்கிறது,
கோப்பில் அதற்குப் பின்னால் வருகிறது.
கடைசியாக வந்ததால்
கதவில் நசுங்கியது.

டிகோட் இருப்பதைத்தான் வாசிக்கும்.
எழுதாமல் விட்ட மூன்றாவது எண்ணை
எந்த நிரலாலும் ஊகித்துத் தர முடியாது.
ஆளைத்தான் கேட்க வேண்டும்.

திருவருட்செல்வி.
எட்டெழுத்து, நாற்பத்தைந்து பைட்.
களத்தை இருநூறாக விரித்தேன்.
வேலை முடியவில்லை என்று ரிஃப்கானுக்குச் செய்தி போட்டேன்.
இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அடுத்தது மட்டக்குளி.
மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது.
யாரும் எடுக்கவில்லை.
224, 174.